பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்

ஆடி பிறந்த வாரத்தில் என் மகன் என்னிடம் வந்து சொன்னான்.

"அம்மா, இந்த சீசனுக்கு நீங்க வீட்டுலயே இருங்க. பில் போட கம்ப்யூட்டர் வைக்கப் போறோம்."

சொல்லிவிட்டு, நான் எதையாவது எடுத்து எறிவேனோ என்பதுபோலக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான். நான் எதையும் எறியவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். உருவி முடித்தேன். காம்பையெல்லாம் கூட்டி அள்ளினேன். பிறகுதான் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் வை. என் நாற்காலியை எதுக்கு எடுக்கற?"

"அதுல பேரு பாத்து எடுக்கணும்மா. கூட்டத்துல தடுமாறக் கூடாது."

"நான் எப்பலே தடுமாறுனேன்?"

பதில் இல்லாதபோது அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான். வைத்துக்கொண்டு போனான்.

எங்கள் கடை சாத்தூரிலிருந்து சிவகாசி போகிற சாலையில் இருக்கிறது. பட்டாசுக் கடை. சில்லறை வியாபாரமும் உண்டு, வெளியூர் வியாபாரிகளுக்கு ஆர்டர் எடுத்து அனுப்புவதும் உண்டு. என் வீட்டுக்காரர் இருந்தபோது கம்பெனி கம்பெனியாக அலைவது அவர் வேலை, கடையில் இருப்பது என் வேலை. அவர் போன பிறகு அலைகிற வேலை மகனுக்கு வந்தது. நாற்காலி யாருக்கும் போகவில்லை. அதில் நான் இருந்தேன், இருக்கிறேன்.

என் படிப்பு இரண்டாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குக் கோலம் மாதிரி. பார்க்க நன்றாக இருக்கும், ஒன்றும் சொல்லாது. இதைக்கூட நானேதான் எழுதுகிறேன், நாள் எடுத்துக்கொண்டு. பிழை திருத்துவது மட்டும் மருமகள். திருத்துகிற சாக்கில் தன் பக்கத்துக்கு எதையும் சேர்த்துக்கொள்ள மாட்டாள் என்று நம்புகிறேன்.

கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் அலமாரித் தட்டில் இருக்கிற பெட்டியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திகைப்பார்கள். கனமே இருக்காது. எல்லாம் வெறும் பெட்டி. இந்தப் பக்கத்தில் யாரும் கடைக்குள் சரக்கைக் குவித்து வைக்க மாட்டார்கள். சட்டமும் விடாது, பயமும் விடாது. சரக்கு பின்னால் தள்ளி, சுற்றிலும் மண்கரை போட்ட குடோனில் இருக்கும். முன்னால் கண்ணுக்குப் பெட்டி. வாங்க வந்த ஆள் பெட்டியைக் காட்டுவார், நான் பில் எழுதுவேன், சீட்டு பின்னால் போகும், பேக்கிங் செய்கிற பெண்கள் சரக்கை எடுத்து அட்டைப்பெட்டியில் கட்டிக் கொண்டுவருவார்கள்.

அந்தத் தட்டு அடுக்குவதற்கு எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, பெண்கள் எல்லாரும் சேர்ந்து அடுக்குவோம். அன்றைக்கு வைத்த பெட்டி தீபாவளி முடிகிறவரைக்கும் இடம் மாறாது. ஒரு சரக்கு தீர்ந்துபோனால் அந்த இடம் காலியாகக் கிடக்கும். பக்கத்துப் பெட்டியை நகர்த்தி நிரப்பக் கூடாது. குடோனிலும் அதே வரிசைதான். கூட்டம் நெரிக்கிறபோது யாரும் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக்கொண்டு நிற்க முடியாது. கை போகும், எடுக்கும், வரும். கைக்கு இடம்தான் தெரியும்.

இனி மருமகளைச் சொல்ல வேண்டும். அவள் விருதுநகரில் கம்ப்யூட்டர் படித்தவள். வீட்டிலிருந்தே எந்த ஊர் கம்பெனிக்கோ வேலை செய்து கொடுக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது என்று தெருவில் சொல்வார்கள். தப்பு. நன்றாக ஒத்துப்போகும். இரண்டு பேருக்கும் சண்டை போடப் பிடிக்கும்.

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அதில் பில் போடுகிற புரோகிராமை எழுதிக் கொடுத்தது அவள்தான். முன்னறையில், சரக்குக்கும் தட்டுக்கும் தள்ளி, தனி மேஜை போட்டு வைத்தார்கள். விரலால் தொட்டால் வேலை செய்கிற திரை. எனக்கு முன்னால் யாரும் உட்காருவதற்குள் நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அத்தே, இந்தக் கட்டத்தைத் தொடுங்க. லிஸ்ட் விழும். அதுல வேணுங்கறதைத் தொட்டா பில்லுல ஏறிரும். அம்புட்டுத்தான்."

தொட்டேன். விழுந்தது. கிணற்றில் வாளிக்கயிறு விட்டதுபோல விழுந்துகொண்டே இருந்தது. விரலால் தள்ளினேன், ஓடியது. நிறுத்தினால் நான் கேட்ட இடத்தைத் தாண்டிப் போயிருந்தது. மேலே இழுத்தேன், மேலேயும் தாண்டியது. அத்தனையும் கோலம். நடுவில் ஒருமுறை எல்லாம் நின்றுபோய் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டு இருந்தது.

"இதென்ன தாயி, ராட்டினமா?"

"லோடாகுது அத்தே. எல்லா கம்பெனி சரக்கும் இருக்குல்ல. ஒரே புஸ்வாணம் அம்புட்டு கம்பெனிலயும் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் அம்புட்டு சைஸ் இருக்கு. ஒண்ணு விடாம ஏத்திருக்கேன்."

"ஒண்ணு விடாம ஏத்துனா லாரியே நகராது. இது நகருமா?"

மகன் வாசலிலிருந்து சொன்னான், "எழுத்தைத் தட்டித் தேடலாம்மா. ரெண்டு எழுத்து தட்டுனாப் போதும்."

"எனக்குத் தெரிஞ்ச எழுத்து அதுல இருக்காலே? இருந்தாலும் நான் தட்டி முடிக்கறதுக்குள்ள கியூ சாத்தூரு தொட்டுரும்."

"அதான் சொன்னேன், நீங்க வீட்டுல…"

"நீ போயி லோடு இறக்கற வேலையப் பாரு."

அன்றைக்கு நான் முடிவு செய்தது இதுதான். என்னைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்ற முடியாது, அதற்கு வயது இல்லை, மனசும் இல்லை. கம்ப்யூட்டர் என்ன கடவுளா, அதை மாற்றலாம். அதை மாற்றக்கூடியவள் என் வீட்டிலேயே இருக்கிறாள். என் நாற்காலி போவதாக இருந்தால் அவளோடு சண்டை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

மறுநாள் அவள் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தேன். "நம்ம கடைல எல்லாச் சரக்கும் முன்னாலயா இருக்கு? முன்னால பெட்டி, பின்னால குடோன். கேட்டாத்தான வருது. உன் மிஷினு மட்டும் எதுக்கு குடோனைத் தூக்கி மேஜைல கொட்டுது?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது நேத்தே மாத்தியாச்சு அத்தே. கண்ணுக்குத் தெரியறது மட்டும்தான் இப்ப இறங்கும். மிச்சம் பின்னால நிக்கும். நீங்க அடுத்த பக்கம் போனா அப்ப வரும். இனிமே வட்டம் சுத்தாது."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. நான் சொல்லி அவள் கேட்டதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். விடவில்லை.

"சரி, வேகமா வருது. எது முதல்ல வரணும்? அதைச் சொல்லு."

இப்போது திரும்பினாள். "கம்பெனி பேரு முதல்ல. அப்புறம் சரக்கு."

"கடைக்கு வாற ஆளு கம்பெனி பேரா சொல்றான்? சின்னப்பிள்ளைக்கு ஏதாச்சும் குடுங்கங்கறான். மேல போயி பூவாக் கொட்டணும்ங்கறான். தெருவே அதிரணும்ங்கறான். கம்பெனி பேரு எவனுக்குத் தெரியும்?"

"ஆர்டர் குடுக்கற வியாபாரிக எல்லாம் கம்பெனி பேரச் சொல்லித்தான் கேக்காக."

"அவுக போன்ல கேக்காக. அவுகளுக்கு வேற வாசல் வை. எனக்கு முன்னால நிக்கறது பிள்ளையும் குட்டியுமா வந்த ஆளு."

இட்லி வெந்து, சட்னி அரைத்து, மகன் சாப்பிட்டுப் போய், அதற்குப் பிறகும் நாங்கள் பேசினோம். கடைசியில் ஒப்புக்கொண்டாள். வியாபாரிகளுக்கு எழுத்தைத் தட்டித் தேடுகிற வழி தனியாக, இன்னொரு மேஜையில் இருக்கட்டும், அது அவள் பொறுப்பு. என் திரையில் முதலில் நாலே நாலு பெரிய கட்டம். கையில் பிடிப்பது, தரையில் சுற்றுவதும் சீறுவதும், மேலே போவது, சத்தம். ஒன்றைத் தொட்டால் அதில் உள்ள வகை மட்டும் வரும். வகையைத் தொட்டால் சைஸ். கம்பெனி கடைசியில், அதுவும் கேட்டால்தான். எல்லாம் தமிழில், என் கண்ணுக்குத் தெரிகிற அளவு எழுத்தில்.

எல்லாவற்றிலும் நான் ஜெயித்தேன் என்று எழுத மாட்டேன். படம் வேண்டும் என்று கேட்டேன், ஒவ்வொரு சரக்குக்கும் லேபிள் படம். வாசிக்க வேண்டாமே என்று. போட்டுக் காட்டினாள். திரை முழுக்கக் கிளி, புலி, தாமரை, சிரிக்கிற பொம்பளை. பென்சில் மத்தாப்புப் பெட்டியிலும் புலி, வெடிப்பெட்டியிலும் புலி. எங்கள் ஊர் லேபிளில் உள்ளே இருப்பதை வரைகிற வழக்கமே கிடையாது என்பது இத்தனை காலம் கடையில் உட்கார்ந்தும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தப் படங்கள் வருவதற்கு நேரமும் பிடித்தது. "எடுத்துரு" என்றேன். "எடுத்தாச்சு" என்றாள், உடனே. எடுத்ததைத் தயாராக வைத்துக்கொண்டுதான் காட்டியிருக்கிறாள்.

இன்னொன்று, மேலே போய் அங்கே சத்தமாக வெடிக்கிற சரக்கு. அதை நான் 'மேலே'யில் வைக்கச் சொன்னேன். அவள் 'சத்தம்' என்றாள்.

"ரெண்டுலயும் வச்சிருவோம் அத்தே."

"ஒரு பெட்டி ரெண்டு தட்டுலயா? கடையா இது, கண்கட்டு வித்தையா?"

"தட்டுலதான் முடியாது. இதுல முடியும். மேலன்னு கேட்டு வாறவுகளுக்கு மேல கிடைக்கும். சத்தம்னு கேட்டு வாறவுகளுக்குச் சத்தத்துல கிடைக்கும். சரக்கு ஒண்ணுதான், வழி ரெண்டு."

நான் தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டு, "வை" என்றேன்.

இந்தச் சந்தோஷத்தில் நானே ஒன்று கேட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் மருமகள் திருத்தும்போது சேர்த்துவிடுவாள், அதனால் நானே சொல்கிறேன். முதல் திரையில் மேலே ஒரு வரிசை வேண்டும், எது அதிகமாகப் போகிறதோ அது முதலில் நிற்க வேண்டும் என்றேன். நாலு கட்டத்துக்குள் போகாமல் ஒரே தொடலில் பில் போட்டுவிடலாமே. அவள் மகிழ்ந்துபோய் அன்றைக்கே செய்து கொடுத்தாள். எது அதிகம் விற்கிறது என்று கம்ப்யூட்டரே எண்ணி, வரிசையைத் தானே மாற்றிக்கொள்ளுமாம். மகன்கூட நின்று பார்த்தான். "சரிம்மா, உக்காருங்க. தப்பு வந்தா மட்டும் நான் கேக்க மாட்டேன், வேற ஆள வச்சிருவேன்" என்றான்.

"வந்தாப் பாப்போம்லே."

சீசன் சூடு பிடித்தது. புரட்டாசி முழுக்க அந்த மேல் வரிசையின் முதல் கட்டத்தில் கம்பி மத்தாப்பு, அடுத்ததில் புஸ்வாணம், அதற்கடுத்து சங்கு சக்கரம். என் விரலுக்கு மூன்று நாளில் பழகிவிட்டது. ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பில் போட்டேன். கியூவில் நின்றவர்கள், "அம்மா பழைய காலத்து ஆளு, இருந்தாலும் பட்டுபட்டுன்னு போடறாகளே" என்றார்கள். பழைய காலத்து ஆள் என்று சொன்னதைப் பொறுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு நாள் மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தேன். சாத்தூர்ப் பக்கம் இருக்கிற ஒரு நர்ஸ் அம்மா வந்தார். சர்ச்சுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து அவர் வீட்டுப் பிள்ளைகளும் வருஷா வருஷம் தீபாவளிக்குக் கொளுத்தும்.

"அம்மா, சத்தம் இல்லாததாப் போடுங்க. மாமியாரு நெஞ்சுவலிக்காரவுக. மத்தாப்பும் புஸ்வாணமும் போதும்."

"போட்டாச்சு சிஸ்டர்" என்றேன். கை போட்டது. சீட்டு பின்னால் போனது. பெட்டி கட்டி வந்தது. அவர் ஆட்டோவில் ஏறிப் போனார்.

அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லாரும் வெடியே கேட்டார்கள், 'சத்தம்' கட்டத்துக்குள் போய்ப் போட்டேன். சாயங்காலம் அதே ஆட்டோ வந்து நின்றது. அந்தப் பெட்டியை என் மேஜைமேல் வைத்தார். மூடி திறந்திருந்தது.

"ஏம்மா, என் மாமியாரு உங்களுக்கு என்ன செஞ்சாக?"

உள்ளே பூராவும் அணுகுண்டும் குருவி வெடியும்.

கியூவில் யாரோ, "சிஸ்டரே கேட்டு வாங்கிருப்பாக" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு.

"யாருய்யா அது? முன்னால வாய்யா!" என்று நர்ஸ் அம்மா திரும்பினார். ஒருவரும் முன்னால் வரவில்லை.

என் மகன் ஓடி வந்தான். சரக்கை மாற்றிக் கொடுத்தான், மேற்கொண்டு ஒரு பாக்கெட் பென்சில் வைத்தான், ஆட்டோவரைக்கும் போய் மன்னிப்புக் கேட்டான். திரும்பி வந்து என் பக்கம் குனிந்து மெதுவாகப் பேசினான். அவன் மெதுவாகப் பேசினால் முடிவு செய்துவிட்டான் என்று அர்த்தம்.

"போதும்மா. நாளைக்கு சாத்தூர்லருந்து ஒரு பிள்ள வருது, பில் போட. நீங்க இனிமே அலைய வேண்டாம்."

நான் திரையைப் பார்த்தேன். முதல் கட்டத்தை எழுத்துக் கூட்டினேன். அ, ணு. காலையில் அங்கே இருந்தது கம்பி மத்தாப்பு. தீபாவளி நெருங்க நெருங்க ஜனங்கள் வெடி வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். நான் ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கம்ப்யூட்டர் எண்ணிப் பார்த்து, அணுகுண்டையும் குருவி வெடியையும் முன்னால் நகர்த்திவிட்டது. என் கை பழைய இடத்துக்குப் போயிருக்கிறது. கை போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது.

"ஏலே, நகந்தது நானா, பெட்டியா?" என்று கேட்டேன்.

"பாத்துத் தொட்டிருக்கணும்மா" என்றான். போனைக் காதில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் பாய்ந்தேன். அவளும் சும்மா இருக்கவில்லை.

"நீங்கதான அத்தே கேட்டீக, அதிகமாப் போறது முன்னால வரணும்னு?"

"கேட்டேன். நான் கேட்டா உடனே செஞ்சுறதா? மத்த எல்லாத்துக்கும் எதிர்த்துப் பேசறேல்ல? இதுக்கு மட்டும் வாய மூடிக்கிட்டா?"

"எதுத்துப் பேசுனாலும் தப்பு, பேசாட்டியும் தப்பா? பெரிய பெரிய கம்பெனில எல்லாம் இப்படித்தான் அத்தே வைக்காக. தானா மாறும். அதுதான் வசதி."

"யாருக்கு வசதி?"

"பாத்து எடுக்கறவுகளுக்கு" என்றாள்.

"அதைக் காலைல பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன்.

காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து அடுப்படிக்குப் போனேன். எங்கள் வீட்டில் உப்பு டப்பாவும் சீனி டப்பாவும் ஒரே அச்சு எவர்சில்வர். சீனி அடுப்புக்குப் பக்கத்தில், உப்பு அதற்குப் பின்னால். இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, வாசலில் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டேன்.

மகன் காபியை வாயில் வைத்தான். முற்றத்துக்கு ஓடித் துப்பினான்.

"என்னது இது? யாரு காபி போட்டா?"

மருமகள் தன் டம்ளரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். டப்பாவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.

"டப்பாவ மாத்துனது யாரு?"

"நாந்தான்" என்றேன். "நேத்துக் குழம்பு, ரசம், பொரியல், சோறு, எல்லாத்துக்கும் உப்புதான் அதிகமாப் போச்சு. சீனி காபிக்கு மட்டும்தான். அதிகமாப் போறது முன்னால வரணும்ல? அதான வசதி."

"அம்மா, காலங்காத்தால என்னம்மா இது?" என்றான் மகன்.

"பாத்து எடுத்திருக்கணும்லே, உன் பொண்டாட்டி."

மருமகளுக்கு முகம் சிவந்துவிட்டது. திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன், அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். வெகுநேரம் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனிடம் சொன்னாள்.

"அந்தப் பிள்ளைய இன்னைக்கு வரச் சொல்லாதீக. அத்தே தப்பு இல்ல. என் வேலைல தப்பு."

"பில் போட்டது அம்மாதான?"

"இன்னைக்கு வாற பிள்ளைக்கும் மூணு நாள்ல கை பழகும். நாலாம் நாள் அதுவும் இதே மாதிரி குண்டு வச்சு அனுப்பும். பேரு வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைதான், ஆனா கூட்டத்துல எது வாசிச்சுக்கிட்டு இருக்கும்? நான் டப்பாவுல எழுதி ஒட்டிருந்தாலும் இன்னைக்கு உப்பைத்தான் அள்ளிருப்பேன்."

அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நாங்கள் ஒரே பக்கம் நிற்பதை அவன் அதிகம் பார்த்ததில்லை. "எனக்கு முதல்ல ஒரு நல்ல காபி குடுங்க" என்றான். "வரச் சொன்ன பிள்ள வரும். வாக்குக் குடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். இன்னொரு தப்பு வந்துச்சு, அந்தப் பிள்ளைதான் நாற்காலில."

கடை திறப்பதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் போய் உட்கார்ந்தோம். நான் தட்டைக் காட்டிச் சொன்னேன். ஆவணியில் வைத்த பெட்டி தீபாவளிவரைக்கும் நகராது. உன் கட்டமும் நகரக் கூடாது. எது எங்கே என்று சீசனுக்கு முன்னால் ஒரு தடவை, நானும் நீயும் உட்கார்ந்து வைப்போம். அதற்கப்புறம் அணுகுண்டு எப்படிப் போனாலும் சரி, கம்பி மத்தாப்பு விற்காமலே கிடந்தாலும் சரி, அதது இருந்த இடத்தில் இருக்கட்டும். தீர்ந்துபோனால் அந்தக் கட்டம் மங்கலாகக் கிடக்கட்டும், வேறொன்று அங்கே வந்து உட்காரக் கூடாது.

"எண்ணி வச்சிருக்கறதை என்ன பண்ண அத்தே?"

"அடுத்த வருசம் தட்டு அடுக்கறப்ப எடுத்துப் பாப்போம். அதுக்கு உதவும்."

தலையாட்டினாள். வேகமாகத் தட்டிக்கொண்டே போனாள். நான் சொல்லாத ஒன்றையும் செய்தாள். சத்தம் போடுகிற சரக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அதைச் சுற்றிச் சிவப்புக் கோடு. அதில் ஒன்று பில்லில் ஏறிவிட்டால், பில்லின் தலையிலேயே தமிழில் பெரிய எழுத்தில் 'சத்தம் உண்டு' என்று வரும். பேக்கிங் செய்கிற பெண்ணும் பார்ப்பாள், வாங்குகிறவரும் பார்ப்பார். நல்ல யோசனை. அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை. இதைத் திருத்தும்போது வாசித்துக்கொள்ளட்டும்.

சாத்தூர்ப் பிள்ளை வந்தது. நல்ல பிள்ளை. நாற்காலிப் பக்கம் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. "அங்கன இன்னொரு மேஜை போட்டிருக்கு பாரு தாயி, வியாபாரிக ஆர்டர் அங்கன" என்றேன். அது என் மகனைப் பார்த்தது. அவன் கூரையைப் பார்த்தான். பிள்ளை அந்த மேஜைக்குப் போனது.

அந்த வாரம் முழுக்க அவன் என் பில்லையெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பார்த்தான். நான் அவசரப்படவில்லை. கை போகும், சிவப்பு இருக்கிறதா என்று கண் பார்க்கும், பில் வந்ததும் தலையில் எழுத்துக் கூட்டுவேன். அதற்கு ஒரு மூச்சு நேரம் கூடுதலாக ஆகும். ஆகட்டும் என்றேன். கியூ காத்து நின்றது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. அந்த ஆட்டோ மறுபடி வந்து வாசலில் நின்றது. நான் பில்லை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தேன். மகனும் பார்த்துவிட்டான். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்தான்.

முதலில் இறங்கியது நர்ஸ் அம்மா இல்லை. என்னைவிட வயதான ஒரு அம்மா. வெள்ளைச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் குடையை ஊன்றிக்கொண்டு கியூவைப் பிளந்துகொண்டு வந்தார். பின்னால் நர்ஸ் அம்மா, "அத்தே, மெதுவா, அத்தே" என்று ஓடி வந்தார்.

"இங்கன யாரு பில்லு போடறது?"

"நாந்தான்" என்றேன்.

"அன்னைக்கு எங்க வீட்டுக்குக் குண்டு வச்சு அனுப்புனது?"

என் மகன் குறுக்கே வந்தான். "அம்மா, அன்னைக்கு ஏதோ தவறிப்போச்சு, நாங்க மாத்திக் குடுத்துட்டோம்…"

"நீ சும்மா இருப்பா. உன்னையக் கேட்டனா?" என்று அவனைக் குடையால் ஒதுக்கிவிட்டு, என் மேஜையில் கையை ஊன்றினார். "எங்க அந்தப் பெட்டி?"

"எதுக்கு?"

"எதுக்கா? வெடிக்கறதுக்கு! எனக்குச் சத்தம் ஆகாதுன்னு யாரு சொன்னா? இவளே சொல்லிக்கிட்டா. நெஞ்சுவலி வந்து எம்புட்டுக் காலம் ஆச்சு! பிறந்ததிலருந்து இந்தச் சத்தத்துலதான கிடக்கேன். வருசா வருசம் மத்தாப்பைக் கையில குடுத்து மூலைல உக்கார வைக்காக. பெட்டியத் திறந்து பாத்தேன், குண்டு இருந்துச்சு, சந்தோசமா இருந்துச்சு. நான் குளிச்சிட்டு வாறதுக்குள்ள தூக்கிட்டு வந்துட்டா."

"டாக்டர் என்ன சொன்னாரு அத்தே…" என்று நர்ஸ் அம்மா ஆரம்பித்தார்.

"டாக்டர் நடக்கச் சொன்னாரு. வெடிக்காதன்னு சொன்னாரா?"

நர்ஸ் அம்மா யோசித்தார். "வெடிச்சிட்டுத் தள்ளி வந்துறணும். நான் பக்கத்துல நிப்பேன். ஒரு பாக்கெட்தான்."

"ரெண்டு" என்றார் அந்த அம்மா.

கியூவில் யாரும் சிரிக்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினேன். 'சத்தம்', அதில் அணுகுண்டு. எங்கே வைத்தோமோ அங்கே இருந்தது. பில் வந்தது. எழுத்துக் கூட்டி உரக்கவே வாசித்தேன். சத்தம் உண்டு.

"உண்டுல்ல?" என்றார் அவர்.

"உண்டு."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஆட்டோவில் ஏறிய பிறகு, என் மகன் இன்னும் மேஜைப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"என்னலே, அப்ப அன்னைக்கு நான் போட்ட பில்லு சரியாத்தான இருந்திருக்கு?" என்றேன்.

அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். அடுத்த ஆளை வரச் சொன்னேன்.